தேயவேண்டியது எது? ஒரு ட்ரெயில் பைக் கிளச்சைக் கழற்றிப் பார்த்த கதை

கடந்த ஆடி மாதம் நாங்கள் நாலு பேர் மணற்காட்டுப் பக்கம் போயிருந்தோம். எங்கட நண்பர் வட்டத்துக்குள் ஒரு ட்ரெயில் பைக் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கு. யப்பானில் செய்த 200 சீசீ, நாலு ஸ்ட்ரோக் வண்டி. அதின்ர வயசு எங்களில் ஒருத்தருக்கும் இல்லை. சவுக்கங்காடு தாண்டி மணல்மேட்டில் ஏறேக்க, முதலாம் கியரில் அரைக் கிளச்சில் பிடித்துப் பிடித்து ஆளாளுக்கு மாறி மாறி ஏற்றினோம். நல்ல சந்தோசம். திரும்பி வரேக்க வல்லிபுரத்தடியில் தொடங்கினது பிரச்சினை. நாலாம் கியரில் அக்சிலேற்றரைத் திருக எஞ்சின் கத்துது, வண்டி இழுக்குதில்லை. கருகின மணமும் சேர்ந்து வந்தது. மூன்றாம் கியரில் உருட்டி உருட்டி ஒரு மாதிரி வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த நாள் கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கத்தை மெக்கானிக் அண்ணைக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். ஒரு நூறு யார் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "கிளச் பிளேற் முடிஞ்சுது" என்றார். கேபிளை இறுக்கிப் பார்க்கலாமோ என்று கேட்டோம். "இறுக்கி என்ன செய்யிறது? உள்ளுக்கை பிடிக்கிறதுக்குச் சாமான் இருந்தாத்தானே."

அவர் வேலையைத் தொடங்க, எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அண்ணை, இதை ஏன் தேயிற மாதிரியே செய்யினம்? தேயாத மாதிரிச் செய்தால் என்ன?" அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இது தேயாட்டி வேற ஏதும் தேயும் பிள்ளை."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். கிளச்சின் வரலாற்றைத் தேடிப் போனால், அது "எது தேயவேண்டும், எது தேயக்கூடாது" என்று மனிதர் மாறி மாறி எடுத்த முடிவுகளின் வரலாறாகத்தான் தெரிகிறது. அந்த முடிவுகளில் சிலவற்றில் தேய்ந்தது இரும்பும் தக்கையும் மட்டுமில்லை, மனிதரும்தான்.

மூடியைத் திறந்தால்

முதலில் வண்டியை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்து மதிலோடு சார்த்தினார். எங்கட வண்டியில் கிளச் இருப்பது வலப்பக்கம். இப்படிச் சாய்த்தால் ஒயில் மற்றப் பக்கம் போய்விடும், மூடியைக் கழற்றும்போது கொட்டாது. ஒயில் நல்லதென்றால் இது போதும். எங்கட ஒயில் கறுத்து மணந்ததால் கடைசியில் அதையும் ஊற்றவேண்டி வந்தது. அந்தக் கதை பிறகு.

கேபிளைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்து, மூடியை மெல்லத் தட்டி இளக்கினார். உள்ளே ஒரு அலுமினியக் கூடை. அதுக்குள்ளே சோகி மாதிரி வட்டத் தட்டுகள் ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஒரு உராய்வுத் தட்டு, ஒரு இரும்புத் தட்டு, திரும்ப ஒரு உராய்வுத் தட்டு. எங்கட வண்டியில் உராய்வுத் தட்டு ஆறு, இரும்புத் தட்டு ஐந்து. உராய்வுத் தட்டுகளின் வெளிப்பல் கூடையில் மாட்டியிருக்கும். கூடை எஞ்சினோடு சுற்றும். இரும்புத் தட்டுகளின் உட்பல் நடுவில் இருக்கிற குடத்தில் மாட்டியிருக்கும். அது கியர்பெட்டியோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அமத்திப் பிடிக்கும்வரை இரண்டும் ஒன்றாகச் சுற்றும். லீவரைப் பிடித்தால் அமுக்கம் விடுபடும், எஞ்சின் தன்பாட்டில் சுற்றும், சில்லு தன்பாட்டில் நிற்கும்.

இது இல்லாமலும் மோட்டார் சைக்கிள் ஓடியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வண்டிகளில் எஞ்சினிலிருந்து பின்சில்லுக்கு நேரே ஒரு தோல் பெல்ட் மட்டும்தான். எஞ்சின் சுற்றினால் சில்லு சுற்றும். சில்லு நின்றால் எஞ்சினும் நிற்கும். சந்தியில் மாடு குறுக்கே வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, பிறகு தள்ளிக்கொண்டு ஓடிப் பாய்ந்து ஏறவேண்டும், இல்லாவிட்டால் பெடலை மிதிக்கவேண்டும். ஏற்றத்தில் பெல்ட் வழுக்கும். அதாவது கிளச் இல்லாத வண்டியிலும் ஏதோ ஒன்று வழுக்கித் தேய்ந்தது. அது தோல் பெல்ட்.

அந்தக் காலத்துக் கார்களில் இருந்தது கூம்பு கிளச். புனல் வடிவில் ஒரு கூம்பு, அதன் மேல் தோல் ஒட்டியிருக்கும், அது இன்னொரு கூம்புக்குள் போய் இறுகும். காய்ந்தால் வெடுக்கென்று பிடிக்கும், எண்ணெய் பட்டால் வழுக்கும். இதற்கு வேறொரு வழியைக் கண்டவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் லிவர்பூலில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹென்றி செல்பி ஹீல்-ஷோ. நெருக்கமான இரண்டு தட்டுகளுக்கு நடுவே திரவம் எப்படி ஓடுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பாய்மவியல் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அவருடைய பேரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். அவர் பல தட்டுகளை அடுக்கி, ஒயிலுக்குள் மூழ்கவிட்டு ஒரு கிளச் செய்தார்.

பல தட்டு ஏன்? ஒரு தட்டுக்கு இரண்டு முகம். ஆறு தட்டென்றால் பன்னிரண்டு முகம். ஒரே ஸ்பிரிங் அமுக்கம் எல்லா முகத்திலும் விழும். ஆகவே ஒரு சின்னத் தேநீர்த் தட்டளவு இடத்துக்குள் பெரிய இழுவையைப் பிடித்து வைக்கலாம், லீவரும் கைக்குப் பாரமாக இருக்காது. ஒயில் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மோட்டார் சைக்கிளுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. இன்றைக்கு எங்கட ரோட்டில் ஓடுகிற கியர் பைக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது இந்த ஒயிலில் மூழ்கிய பல்தட்டுக் கிளச்தான்.

கூடையில் விழுந்த வெட்டு

தட்டுகளை எடுத்ததும் அண்ணை கூடையின் விரல்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு விரலிலும் சின்னச் சின்ன வெட்டு. தட்டுகளின் பல் மோதி மோதி விழுந்தது. வெட்டு ஆழமென்றால் தட்டு அதில் கொளுவிக்கொள்ளும், லீவரைப் பிடித்தாலும் விடாது. ஆழமில்லாததால் அரத்தால் மெல்ல ராவிச் சமப்படுத்தினார். "ரோட்டிலை மட்டும் ஓடின வண்டிக்கு இவ்வளவு வராது" என்றார்.

உண்மைதான். ட்ரெயில் பைக் என்பதே ஒரு சமரசம். 1958இல் ஹொண்டா கொம்பனி சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. அதில் கிளச் லீவரே இல்லை. காலால் கியர் மாற்றும்போது கிளச் தானாக விடும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு விற்பனையாளர் அந்தச் சின்ன வண்டிக்குப் பெரிய பின் பல்சக்கரமும் பட்டன் ரயரும் போட்டு மலைப்பாதை ஏற விற்றார். அதைப் பார்த்துத்தான் ஹொண்டாவே 1960களின் தொடக்கத்தில் ட்ரெயில் வகைக் கப் வண்டிகளைச் செய்தது. அவற்றில் இரண்டு பின் பல்சக்கரங்கள் வந்தன. ஒன்று ரோட்டுக்கு, ஒன்று மலைக்கு. மலையடிவாரத்தில் நிறுத்தி, செயினில் ஒரு துண்டைச் சேர்த்து, பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு ஏறவேண்டும்.

ஆர் ஒவ்வொரு முறையும் இறங்கிச் செயின் மாற்றுவது? 1968இல் யமஹா விற்பனைக்கு விட்ட டி.ரி.1 அந்தச் சிக்கலை ஒதுக்கிவிட்டது. 250 சீசீ, இரண்டு ஸ்ட்ரோக், உயரமான மட்காட், பாரம் குறைவு. வீட்டிலிருந்து ரோட்டில் ஓடிப்போய், அப்படியே காட்டுக்குள் இறங்கி, அதிலேயே திரும்பி வரலாம். அமெரிக்காவில் அது பெருவெற்றி. 1972இல் ஹொண்டா நாலு ஸ்ட்ரோக்கில் எக்ஸ்.எல்.250ஐக் கொண்டுவந்தது. 1970களின் நடுப்பகுதியில் யமஹாவின் எக்ஸ்.ரி.500 வந்தது. தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977இல் ஒரு ஓட்டப்போட்டியில் பாலைவனத்தில் வழிதவறி, உயிர்தப்பி வந்து, பாலைவனத்துக்குள்ளால் ஒரு போட்டியை ஒழுங்கு செய்தார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிசில் 182 வாகனங்கள் புறப்பட்டன. 74தான் டக்கார் போய்ச் சேர்ந்தன. முதலில் வந்தவர் சிரில் நெவூ, வண்டி எக்ஸ்.ரி.500.

இந்தப் பெருமைக்குள் கிளச்சின் இடம் எங்கே? ரோட்டில் வேகமாகவும் போகவேண்டும் என்பதால் ட்ரெயில் பைக்கின் முதலாம் கியரைக் காட்டுக்கேற்ற அளவுக்குத் தாழ்த்தி வைக்க முடியாது. ஆகவே மணலிலோ பாறையிலோ நடை வேகத்தில் போகவேண்டும் என்றால், ஓட்டுபவர் கிளச்சைப் பாதி பிடித்துத்தான் சமாளிக்கவேண்டும். எஞ்சின் வேகத்துக்கும் சில்லு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வெப்பமாக அந்தத் தட்டுகளில் இறங்கும். அன்றைக்குக் கப் வண்டிக்காரர் இறங்கி நின்று செயின் மாற்றிச் செய்த வேலையை இன்றைக்குக் கிளச் செய்கிறது. நாங்கள் மணற்காட்டில் சிரித்துக்கொண்டு ஏறினபோது உள்ளே நடந்தது இதுதான்.

தட்டின் மேலே ஒட்டியிருப்பது

அண்ணை வேர்னியரை எடுத்து உராய்வுத் தட்டுகளை ஒவ்வொன்றாக அளந்தார். எங்கட வண்டிக்குப் புதுத் தட்டின் தடிப்பு 3 மில்லிமீற்றர். 2.6க்குக் கீழே போனால் மாற்றவேண்டும். எங்களுடையது 2.4. இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. அவற்றைக் கண்ணாடி மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டு நெளிவு பார்த்தார். இரண்டு நெளிந்திருந்தன.

அந்த 3 மில்லிமீற்றருக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஹேர்பேர்ட் ஃப்ரூட் என்று ஒருவர் இருந்தார். இறக்கத்தில் குதிரைவண்டிக்காரர்கள் பழைய சப்பாத்துத் தோலைப் பிறேக் கட்டைக்கும் சில்லுக்கும் நடுவே செருகுவதை அவர் கவனித்தார். மரக்கட்டையை விடத் தோல் நன்றாகப் பிடித்தது. அதை ஒரு தொழிலாக்கலாம் என்று கண்டு 1897இல் அவர் தொடங்கியதுதான் ஃபெரோடோ கொம்பனி. முதலில் பருத்தித் துணியைப் பசையில் தோய்த்துச் செய்த லைனிங். அது சூட்டுக்குக் கருகியது. 1908இல் அவர் பருத்தியை விட்டுவிட்டுக் கல்நாருக்கு, அதாவது அஸ்பெஸ்டஸுக்கு மாறினார்.

மோட்டார் சைக்கிள் கிளச்சுகளில் நீண்டகாலம் தக்கையும் இருந்தது. போத்தல் மூடுகிற அதே தக்கை. ஒயிலில் ஊறினாலும் பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும், மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்து எடுக்கலாம். பழைய வெஸ்பா, லம்பிரெற்றா ஸ்கூட்டர்களுக்கு இன்றைக்கும் தக்கைத் தட்டு விற்கிறார்கள். தக்கையின் குறை ஒன்றுதான்: சூடு கூடினால் கருகிவிடும். எஞ்சின் பலம் கூடக் கூட, சூடு தாங்குகிற கல்நார் பிறேக்கிலும் கிளச்சிலும் பரவியது. அது எளிதில் தேயவில்லை, கருகவில்லை, மலிவு.

ஆனால் அண்ணை சொன்னது மாதிரி, வேறொன்று தேய்ந்தது.

1924 மார்ச்சில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நெல்லி கேர்ஷோ என்ற பெண் இறந்தார். வயது 33. கல்நாரை நூலாக நூற்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள்களைக் கண்ட வைத்தியர் வில்லியம் குக், அதை மருத்துவ இதழில் எழுதினார். கல்நாரால் வந்த நுரையீரல் நோயென்று மருத்துவ எழுத்தில் பதிவான முதலாவது மரணம் அதுதான். கொம்பனி பொறுப்பேற்கவில்லை, நட்டஈடும் கொடுக்கவில்லை. 1931இல் பிரித்தானியா தூசுக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அவை தொழிற்சாலைக்குள் சில வேலைகளுக்குத்தான். பிறேக் டிரம்மைக் கழற்றி வாயால் ஊதுகிற மெக்கானிக் அந்த விதிக்குள் வரவில்லை. பிரித்தானியாவில் முழுத்தடை வர 1999 ஆகிவிட்டது. அமெரிக்கா வெள்ளைக் கல்நாருக்குத் தடை அறிவித்தது 2024 மார்ச்சில். நெல்லி இறந்து சரியாக நூறு வருடம்.

ஒயிலில் மூழ்கிய கிளச்சில் தூசு காற்றில் பறக்காது என்பது உண்மை. பறப்பது டிரம் பிறேக்கிலும் கார்களின் உலர் கிளச்சிலும்தான். ஆனால் ஓட்டுபவரின் கைக்கு வருமுதல் அந்தத் தட்டைச் சுரங்கத்தில் தோண்டினவர், நூற்றவர், வெட்டினவர், துளையிட்டவர் எல்லாரும் சுவாசித்துத்தான் இருந்தார்கள்.

இதை எழுதும்போது எங்களுக்கு அந்தக் கராஜின் கூரைதான் ஞாபகம் வருகிறது. அதுவும் அஸ்பெஸ்டஸ் சீற்தான். எங்கட பள்ளிக்கூடமும் அப்படித்தான். 2018 ஜனவரியிலிருந்து கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைச் சரக்கொன்றில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. எங்களுக்குக் கல்நார் விற்கும் முக்கிய நாடும் ரஷ்யாதான். கல்நார்க் கட்டுப்பாடு தள்ளிப்போடப்பட்டது. மாத முடிவுக்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. தோட்டத் தொழிலாளியின் வேலை ஒரு தட்டில், கூரை வேலை செய்பவரின் நுரையீரல் மற்றத் தட்டில். தராசைப் பிடித்திருந்தவர்களுக்கு இரண்டுமே தங்களுடையது இல்லை.

அண்ணை கடையிலிருந்து எடுப்பித்த புதுத் தட்டுகளில் கல்நார் இல்லை என்று பெட்டியில் போட்டிருந்தது. இப்போதைய தட்டுகளில் பெரும்பாலும் இருப்பது தாள்போன்ற ஒரு பொருள். மரக்கூழ் நாரும் அரமிட் நாரும் சேர்த்துப் பிசினில் ஊறவைத்து ஒட்டுவார்கள். அரமிட் நாரில் எல்லாருக்கும் தெரிந்த பேர் கெவ்லார். அதை 1965இல் அமெரிக்காவின் டுபொன்ட் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தவர் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண். குண்டு துளைக்காத சட்டைக்காக அவரை எல்லாரும் நினைக்கிறார்கள். பிறேக்கிலும் கிளச்சிலும் கல்நாரை வெளியே அனுப்ப உதவியதுக்காகவும் நினைக்கவேண்டும்.

ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வாசர்

பழைய ஸ்பிரிங்குகளை அளந்தபோது எல்லாம் கொஞ்சம் கட்டையாகியிருந்தன. ஒன்றின் அடியில் மெல்லிய வாசர் ஒன்று இருந்தது. மற்றவற்றிலும் இருந்தது. அண்ணை அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தார். "இது எங்கட காலத்து வேலை."

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. உதிரிப்பாகமும் வரவில்லை. துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம். அந்தப் புகையின் மணம் எங்கட அம்மா அப்பாவுக்கு இன்றைக்கும் ஞாபகம். கிளச் வழுக்கினால் புதுத்தட்டு எங்கே எடுக்கிறது? ஸ்பிரிங்குக்குக் கீழே வாசர் வைத்து அமுக்கத்தைக் கூட்டுவார்களாம். வழவழத்த இரும்புத் தட்டை எமரித்தாளில் உரசிச் சொரசொரப்பாக்குவார்களாம். இன்னும் கொஞ்ச நாள் ஓடும். லீவர் கல்லுமாதிரி இறுகும், கேபிள் அறும். "வண்டி தேயாட்டி கை தேயும்" என்றார்.

இது கைக்கெட்டாத பழங்கதை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. நடுவில் 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் காட்டி வரிசையில் நின்றோம். அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டின் பழைய வண்டிகளை ஓடவைத்தது பொருளாதார நிபுணர் இல்லை. அரத்தோடும் எமரித்தாளோடும் இருந்த இந்த அண்ணைமார்தான். அவர்களுடைய தொழில்நுட்பத்தை எந்தப் புத்தகத்திலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

ஒயில்

"என்ன ஒயில் விட்டனீங்கள்?" நாங்கள் பயந்த கேள்வி கடைசியில் வந்தது. ஒருத்தரின் மாமா காருக்கு விட்ட மிச்ச ஒயில் சும்மா கிடந்தது. அதைத்தான் விட்டோம். காசு மிச்சம் என்று நினைத்தோம்.

காரில் எஞ்சின் ஒயில் கிளச்சைத் தொடாது. பைக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் ஒரே ஒயில். எரிபொருள் மிச்சம் பிடிக்கவென்று கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் கலவைகள் கூடக் கூட, அதே ஒயிலை விட்ட பைக்குகளில் கிளச் வழுக்கத் தொடங்கியது. அதனால்தான் 1998இல் யப்பானியர் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்று ஜாசோ தரத்தைக் கொண்டுவந்தார்கள். போத்தலின் பின்பக்கம் எம்.ஏ. என்று இருந்தால் இந்த வகைக் கிளச்சுக்குச் சரி. எம்.பி. என்று இருந்தால் அது உராய்வு குறைந்தது. கிளச் ஒயிலில் மூழ்காத ஸ்கூட்டர் மாதிரி வண்டிகளுக்கு. இரண்டெழுத்துப் பார்க்காததுக்கு நாங்கள் ஒரு செட் தட்டு கொடுத்தோம்.

புதுத் தட்டுகளை முதல்நாள் பின்னேரமே புது ஒயிலில் ஊறப் போட்டிருந்தார். காய்ந்த தட்டைப் பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். காலையில் ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கி, புது ஸ்பிரிங் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் அமுக்கத்தட்டு சரிந்து உடையலாம். பழைய பாக்கிங்கைச் சுரண்டிப் புதுசு வைத்து மூடியைப் பூட்டினார். லீவர் நுனியில் ஒரு 10 முதல் 20 மில்லிமீற்றர் சும்மா ஆடவேண்டும் என்று காட்டினார். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் கிளச் எப்போதும் கொஞ்சம் விடுபட்டபடியே ஓடும், திரும்பத் தேயும்.

வாசர்களை அவர் திரும்பப் போடவில்லை. ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு வைத்தார். "எறியிறேல்லை. எப்ப தேவைப்படுமெண்டு ஆருக்குத் தெரியும்."

போகும்போது பக்கத்தில் இன்னொரு வண்டியின் பின் பிறேக் டிரம் கழற்றிக் கிடந்தது. வேலை பழகுகிற ஒரு பெடியன் அதை வாய்க்கருகில் தூக்கினான். "ஊதாதை" என்று அண்ணை அதட்டினார். "ஈரத்துணியாலை துடை." ஏனென்று அவனுக்கு அவர் விளங்கப்படுத்தவில்லை. அதை இங்கே நாங்கள் எழுதியிருக்கிறோம். உங்கட பக்கத்துக் கராஜிலும் ஒரு பெடியன் இருப்பான். வண்டி விடப்போகும்போது அவனிடமும் சொல்லுங்கோ.